உப்புக் காற்று குடித்த கார்

மரக்காணத்தில் காரை விற்க நினைப்பவர் முதலில் வண்டியைக் கழுவ வேண்டியதில்லை. கீழே ஒரு கோணியை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வாங்க வருபவர் திண்டிவனத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வருவார். அந்த மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே குனிந்துவிடுவார். கடற்கரை வண்டி என்று தெரிந்தால் அவருக்கு மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் இரண்டாம் பட்சம்தான். அவர் பார்க்கப் போவதை அவருக்கு முன்னால் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உப்பளத்துக்காரர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் சமையலறையில் இருக்கும் கல்லுப்பு ஜாடியை நினைத்துக்கொள்ளலாம். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்விடத் தொடங்கும். கச்சா உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்று அதற்கும் கீழே வறண்டு போகும் நாள் நம் கரையில் அரிது. அதனால் வண்டியின் அடியில் படிந்த உப்பு மேலுக்குக் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே காய்வதில்லை. இரும்பு வருஷம் முழுக்க ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் பத்து வருஷம் ஓடிய வண்டியும் இங்கே பத்து வருஷம் ஓடிய வண்டியும் பேப்பரில்தான் ஒரே வயது.

இந்த ஊருக்கென்றே ஒரு தவறும் உண்டு. வீட்டு போர் தண்ணீரில் தினமும் காரைக் கழுவுவார்கள். கடற்கரை ஓரத்து போர்களில் பல உப்புத் தண்ணீர்தான். குளிக்கும்போது சோப்பு நுரைக்காவிட்டால் அந்தத் தண்ணீர் காருக்கும் ஆகாது. சுத்தமாக வைத்திருந்த வண்டி, கழுவாமல் விட்ட பக்கத்து வீட்டு வண்டியைவிட முன்னால் துருப்பிடித்த கதைகள் இங்கே உண்டு. விற்பதற்கு முன் ஒரு தடவையாவது திண்டிவனம் பக்கம் நல்ல தண்ணீர் உள்ள வாட்டர் சர்வீஸில் விட்டு, மேலே அடித்ததைவிட இரண்டு மடங்கு நேரம் அடியில் அடிக்கச் சொல்லுங்கள்.

படுத்துக்கொண்டு பார்க்கும்போது கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு மடிப்பில் தொடங்குங்கள். அங்கே மழைநீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மணலும் உப்பும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். பிறகு துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே பெயின்டில் ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே துரு ஏற்கெனவே வேலையை முடித்திருக்கும். அதேபோல வீல் ஆர்ச்சின் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால், பின்பக்க சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடம், பிரேக் ஆயில் போகும் மெல்லிய இரும்புக் குழாய், சைலன்சரின் இணைப்புகள். சைலன்சர் ஓட்டையானால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பிரேக் குழாய் சொல்லாது. அதில் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் விற்கும் விலையைப் பற்றி யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அடுத்தவர் உயிர் அது.

முன்பக்கம் ஏ.சி. கண்டன்சரின் இதழ்கள் தொட்டால் பொடியாகும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். "கேஸ் மட்டும் நிரப்பினா போதும், ஏ.சி. சில்லுனு வரும்" என்று விற்பவர் சொல்வார். கடற்கரையில் அதற்கு அர்த்தம் கண்டன்சர் ஓட்டை என்பதுதான். வாங்குகிறவருக்கும் அது தெரியும். ராத்திரி நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க்கில் காலையில் தெரியும் ஆரஞ்சு நிறத் துருவை மட்டும் யாரும் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு முறை பிரேக் அடித்தால் போய்விடும். வெளியூர்க்காரர் அதைப் பார்த்துப் பயந்தால் அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டிவிடுங்கள்.

என் முதல் வண்டியை விற்றபோது நான் செய்த காரியத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆம்னி அது. அடித்தகடு சில இடங்களில் அரித்திருந்தது. டிங்கரிங் கடையில் ஒருவர், "பட்டி வெச்சு மேல கறுப்பு கோட்டிங் அடிச்சிட்டா புது வண்டிண்ணா" என்றார். அடித்தோம். வாங்க வந்தவரோடு ஒரு வயதான மெக்கானிக் வந்தார். அடியைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வைத்தார். ஒட்டவில்லை, விழுந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. "தம்பி, ஓட்டைய காட்டியிருந்தா பத்தாயிரம் கொறச்சிருப்போம். மூடி வெச்சிட்டீங்க, இனிமே எதை நம்பறது?" என்று சொல்லிவிட்டு எழுந்தார். இன்ஜின் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைக் கேட்க யாரும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து நான் யாருக்கும் சொல்லும் யோசனை, புதுக் கறுப்புப் பூச்சோடு வண்டியை விற்பனைக்கு நிறுத்தாதீர்கள் என்பது. துருவை நீங்களே முதலில் காட்டுங்கள். ஜாக்கி போட்டு, டார்ச்சை அவர் கையில் கொடுத்து, "இந்த இடத்துல அரிச்சிருக்கு, வெல்டிங் வைக்க இவ்வளவு கேட்டாங்க" என்று எஸ்டிமேட் சீட்டைக் காட்டிவிட்டால் பேரம் அந்தத் தொகையைச் சுற்றியே நிற்கும். காட்டாவிட்டால் அவர் மனதில் துருவுக்கு எல்லை கிடையாது.

வெள்ளமும் இதே கதைதான். 2011 டிசம்பர் 30இல் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் என்று இந்தக் கரை வரிசையாகப் புயல்களை வாங்கியிருக்கிறது. ஃபெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதனால் இப்போது விழுப்புரம் மாவட்டத்து வண்டி என்றாலே, "புயல் அன்னிக்கு வண்டி எங்க நின்னுது?" என்ற கேள்வி வரும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சீட்டு ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டைப் பார்ப்பார்கள். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்வார்கள். தண்ணீர் ஏறியிருந்தால் எதுவரை ஏறியது, இன்சூரன்ஸில் என்ன செய்தார்கள் என்ற ரசீதுகளோடு சொல்லிவிடுங்கள். ஏறவில்லை என்றால் அன்று வண்டி நின்ற இடத்தைச் சொல்லுங்கள். மேட்டுத் தெருப் பெயர் போதும், உள்ளூர்க்காரருக்குப் புரிந்துவிடும்.

இந்தக் கரையில் என்னென்ன வண்டி ஓடுகிறது என்பதைப் பார்த்தால் விற்கிற வழியும் தெரியும். ஒரு காலத்தில் வசதியுள்ளவர் வீட்டு வாசலில் நின்றது அம்பாசடர். 2014இல் உத்தரபாரா ஆலையில் அதன் தயாரிப்பு நின்றது. அதன் தகடு கனம், அதனால் துரு மெதுவாகத்தான் ஜெயிக்கும். இன்று நல்ல நிலையில் ஒன்று வைத்திருப்பவர் அதை உள்ளூரில் விற்கக் கூடாது. புதுச்சேரியிலும் சென்னையிலும் பழைய வண்டிப் பித்தர்கள் இருக்கிறார்கள், அவர்கள்தான் அதற்கான ஆள். 1984இலிருந்து 2019 வரை வந்த ஆம்னி குப்பங்களின் வண்டி. மீன் பெட்டி ஏற்றுவார்கள், ஐஸ் உருகி வழியும் தண்ணீர் பின்தகட்டில் தேங்கும். அப்படி ஓடிய ஆம்னியைக் குடும்பத்துக்கு விற்க முயல்வது வீண். இன்னொரு மீன் வியாபாரிதான் அதன் அருமை அறிந்து விலை தருவார். உப்பு வியாபாரிகளின் பொலேரோ, இன்னோவா டிக்கியில் சாம்பிள் பை கிடக்கும். அந்தப் பை கிடந்த இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் விற்பனைக்கு நிறுத்தாதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சங்கதி ஃபோர்டு. மறைமலை நகர் ஆலை இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாத தூரம். அங்கே வேலை பார்த்தவர்கள், அவர்கள் சொந்தக்காரர்கள் என்று ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் இந்தப் பகுதியில் நிறையவே உண்டு. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்ததும் பழைய வண்டிச் சந்தையில் அதற்குப் பயம் பிடித்தது. பாடி உறுதி, ஓட்டுவதற்குச் சுகம், ஆனால் "சாமான் கெடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. கடைசியாக என்ன பாகம் எங்கே வாங்கினீர்கள், எத்தனை நாளில் வந்தது என்று பில்லோடு பதில் வைத்திருங்கள். நூறு வார்த்தை பேசுவதைவிட அந்த ஒரு பில் பேசும். ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவர்கள் கவலை வேறு, அதே வண்டியை அதே வாரம் இன்னும் நாலு பேர் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

எப்போது விற்பது? ஐப்பசி, கார்த்திகையில் உப்பளம் தண்ணீருக்குள் இருக்கும், கையில் காசு புழங்காது, புயல் பயம் வேறு. ஆடியில் நம் மக்கள் வண்டி எடுக்க மாட்டார்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகை நம்பிய குடும்பங்கள் அப்போது செலவைச் சுருக்கும். ஆனால் அதே வெயில் மாதங்களில்தான் உப்பு வாருவது உச்சத்தில் இருக்கும், உப்பளத்துப் பக்கம் பணம் நடமாடும். என்னைக் கேட்டால் தை பிறந்ததிலிருந்து சித்திரை வரைக்கும் நல்ல காலம் என்பேன். ஆயுத பூஜையை ஒட்டி இன்னொரு சின்ன அலை வரும். நம்பர் கூட்டினால் எட்டு வருகிறது என்று கடைசி நிமிஷத்தில் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அவர்களோடு வாதாடாதீர்கள். போனில் பேசும்போதே நம்பரைச் சொல்லிவிட்டால் பெட்ரோல் செலவாவது அவர்களுக்கு மிச்சம்.

விலைக்கு ஒரு சுலபமான வழி: திண்டிவனத்தில் இரண்டு, புதுச்சேரியில் ஒன்று என்று மூன்று கார் கன்சல்டிங்கில் வண்டியைக் காட்டி, "ரொக்கமா எவ்வளவு தருவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அதில் உயர்ந்த தொகை உங்கள் தரை. அதே மாடலை அவர்கள் என்ன விலைக்கு விற்க நிறுத்தியிருக்கிறார்கள் என்பது உங்கள் கூரை. நேரடியாக விற்கிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அலைய நேரமில்லாதவர் கன்சல்டிங்குக்கே கொடுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் 2023 ஏப்ரல் 1இலிருந்து நடைமுறைக்கு வந்த விதியின்படி, பழைய வண்டி விற்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்து முறைப்படி தெரிவித்துவிட்டால், அது விற்கும்வரை பொறுப்பு அவருடையது. அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குண்ணா, நாம பழகினவங்க" என்று பதில் வந்தால் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கேட்பவரிடம் லைசென்ஸைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள், பக்கத்து சீட்டில் நீங்கள் இருங்கள். ஈ.சி.ஆரில் பறக்க விடாதீர்கள். முருக்கேரிப் பக்கம் உள்ளூர்ச் சாலையில் ஓட்டினால் சஸ்பென்ஷன் சத்தமும் கேட்கும், ஆளின் பொறுமையும் தெரியும்.

பணத்தில் இரண்டு எச்சரிக்கை. ஒரே விற்பனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. வாங்கினால் அபராதம் அதே தொகை அளவுக்குப் போகும், அதுவும் பணத்தை வாங்கிய உங்கள் தலையில். வங்கி வழியாக வரட்டும். அடுத்தது, போனில் காட்டும் "பணம் அனுப்பியாச்சு" படத்தை நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள் பணம் வரும் என்று பேசுகிறவர் திருடர். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட வேண்டியதில்லை.

இனி பேப்பர். இந்த அத்தியாயத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

நம் ஊரில் கார் விற்பது பெரும்பாலும் இப்படித்தான் முடியும்: பணம் கைக்கு வரும், ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் பெயர், தேதி எதுவும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டு ஆர்.சி.யோடு கொடுத்துவிடுவோம். "பேரு நான் மாத்திக்கிறேண்ணா" என்பார். அவர் மாற்றாமலே ஆறு மாதத்தில் இன்னொருவருக்கு விற்பார், அவர் வேறொருவருக்கு. புத்தகத்தில் உங்கள் பெயரே இருக்கும். இப்படி 2007இல் ஒருவர் விற்ற கார் பல கை மாறி, 2009இல் விபத்தில் ஒரு உயிரைப் பறித்தது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற அந்த வழக்கில் 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது நேரடியானது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு. விற்று முடித்தேன், பணம் வாங்கிவிட்டேன் என்பதெல்லாம் நிற்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். வெளி மாநிலத்தாருக்கு விற்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30, உயிரோடிருக்கும் இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் முகவரிச் சான்று இவையெல்லாம் வேண்டும். கடன் வாங்கி எடுத்த வண்டி என்றால் கடன் கட்டி முடித்ததோடு ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு போய்விடாது. ஃபைனான்ஸிலிருந்து என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35உம் வாங்கி ஆர்.சி.யில் நீக்க வேண்டும். இதை ஆள் வந்த பிறகு தொடங்கினால் ஆள் போய்விடுவார். நிலுவையில் இருக்கும் சலானையும் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். உத்தண்டி பக்கம் எப்போதோ கேமராவில் விழுந்த வேகச் சலான், பெயர் மாற்றத்தன்று வந்து குறுக்கே நிற்கும்.

மரக்காணத்துக்கு டி.என். 16, திண்டிவனம் அலுவலகம். நாற்பது கிலோமீட்டருக்குள் பி.ஒய். 01 தொடங்கிவிடுவது நம் விசேஷம், நம் தலைவலியும் அதுவே. புதுச்சேரிக்காரர் பக்கத்து ஊர்க்காரர்தான், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு வெளி மாநிலம். அவருக்கு விற்றால் ஃபார்ம் 28இல் திண்டிவனத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்று கைக்கு வருவதற்கு முன் வண்டியை அனுப்பாதீர்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. வரி குறைவு என்று பி.ஒய். நம்பரில் எடுத்துப் பத்து வருஷமாக இங்கேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், விற்கும்போதுதான் விழிப்பார்கள். தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றினால் இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். வாங்குபவர் அந்தத் தொகையை உங்கள் விலையில் கழிப்பார், கழிப்பதுதான் நியாயமும்.

வண்டியை ஒப்படைக்கும்போது ஒரு வெள்ளைத் தாளில் டெலிவரி நோட் எழுதுங்கள். வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், மீட்டர் காட்டும் கிலோமீட்டர், தொகை, தேதி. தேதியோடு மணி, நிமிஷம். சாயங்காலம் 5.40க்கு ஒப்படைத்த வண்டி 7 மணிக்குக் கோட்டக்குப்பத்தில் யாரையாவது இடித்தால் அந்த நிமிஷக் கணக்கு போலீஸ் ஸ்டேஷனில் உதவும். காட்டிய துருவையும் அதிலேயே எழுதி அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள், பின்னால் வந்து சண்டை போட வழியிருக்காது. முடிந்தால் அவரோடு நீங்களே திண்டிவனம் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பாதி நாள் வேலை கெடும். கெடட்டும்.

இன்சூரன்ஸில் ஒன்றைப் பலர் கோட்டை விடுகிறார்கள். பல வருஷம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. 50 சதவீதம் வரை போகும். விற்றதும் கம்பெனியில் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் எடுக்கும் அடுத்த காருக்குப் பயன்படும். பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்கு 14 நாள்தான் கெடு, அதையும் ஞாபகப்படுத்துங்கள்.

ஃபாஸ்டேகைக் கண்ணாடியிலிருந்து கிழிப்பது மட்டும் போதாது. வங்கியில் சொல்லி அந்தக் கணக்கை மூட வேண்டும். மூடாமல் விட்டால், விற்ற வண்டி சுங்கச்சாவடியைத் தாண்டும்போது உங்கள் போனுக்குச் செய்தி வரலாம், காசும் உங்கள் கணக்கிலிருந்து போகலாம். ஒரு மாதம் கழித்து பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பெயரின் சில எழுத்துகளைத்தான் காட்டும், நட்சத்திரம் போட்டு மறைத்திருப்பார்கள். உங்கள் பெயரின் முதல் எழுத்து அங்கே இல்லை என்றால் டெலிவரி நோட்டை பீரோவில் வைத்துவிடலாம். இருந்தால், அன்றைக்கே அவருக்கு போன் செய்யுங்கள்.